மாதிரி நோயாளி

பல்கலைக்கழகத்தை மூடுவதற்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு போதுமானதாக இருந்தது. திறப்பதற்குத்தான் ஒரு மையக் குழுவும், அதன் கீழே துணைக் குழுக்களும், துணைக் குழுக்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்காமல் பார்த்துக்கொள்ள ஒரு நல்லிணக்கக் குழுவும் தேவைப்பட்டன. மாணவர்கள் அவரவர் வீட்டில் பத்திரமாக இருந்தார்கள். ஊரெல்லாம் தொற்று பரவிக் கிடந்த அந்த மாதங்களில் வளாகத்துக்குள் கூட்டம் என்று ஒன்று கூடியது பாதுகாப்புக் குழுக் கூட்டத்துக்காக மட்டும்தான். திரையில் படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னல்களை அடைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஏசியைப் போட்டு, தோளோடு தோள் உரச உட்கார்ந்துகொண்டு, கூட்டம் கூடாமல் தடுப்பது எப்படி என்று காலையிலிருந்து மாலை வரை பேசினார்கள். நடுவில் தேநீரும் பிஸ்கட்டும் வந்தன.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மேலிடத்திலிருந்து ஒரு பார்வையாளர் குழு வரப்போகிறது. ஏற்பாடுகள் அவர்களுக்குத் திருப்தியாக இருந்தால் திறக்க அனுமதி கிடைக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து நமது துணைவேந்தருக்குச் சோறு இறங்கவில்லை. தொற்றைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் தெரியாத கவலை ஆற்றுக்கு அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசும்போது தெரிந்தது.

அந்தக் கூட்டங்களில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் நூலக உதவியாளர். நூலகத்தின் சார்பில் நூலகர்தான் வந்திருக்க வேண்டும். அவர் புத்திசாலி. தனக்கு முதுகு வலி என்று சொல்லிவிட்டு இவரை அனுப்பிவிட்டார். இவருக்குப் பல்கலைக்கழகத்தில் தூசி என்று பெயர். பழைய இதழ்கள் அடுக்கியிருக்கும் கீழ்த்தளத்தில் பல வருடம் வேலை பார்த்ததில் ஓர் இருமல் வந்து ஒட்டிக்கொண்டது. அதை வைத்து அந்தப் பெயரைச் சூட்டியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், பெயர் மட்டும் பணியில் தொடர்ந்தது.

தூசிக்கு அந்த நாட்களில் ஒரே ஒரு கவலைதான். கல்யாணமாகி நெடுநாள் கழித்து, இரண்டு முறை கலைந்துபோன பிறகு, மனைவிக்கு இப்போது வயிற்றில் ஒன்று தங்கி எட்டாவது மாதத்தைத் தாண்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் அம்மா மாத்திரை, ஓய்வு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாக அவரைப் பார்த்து, “அந்தத் தொற்று மட்டும் உங்க வீட்டுக்குள்ள வரக்கூடாது. உங்ககிட்ட நான் வேற எதுவும் கேக்கல” என்றார். அன்றிலிருந்து தூசி கொல்லைப்புறமாக வந்து, குளித்து, உடையை வாளியில் முக்கிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தார். மனைவியோடு பேசுவதற்கு அறையின் இந்த மூலையில் ஒரு நாற்காலி, அந்த மூலையில் ஒரு நாற்காலி. துணைக்கு வந்திருந்த மனைவியின் அக்கா நடுவில் நின்று தட்டை வாங்கிக் கொடுத்தாள். இத்தனை கவனமாக இருப்பவரைத் தினமும் அந்த அடைத்த அறைக்கு வரச்சொன்னது பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புக் குழு.

ஏற்பாடுகள் தீவிரமாக நடந்தன. தரையெங்கும் வட்டம் வரைந்தார்கள். அம்புக்குறித் துணைக் குழு வளாகம் முழுவதையும் ஒருவழிப் பாதை ஆக்கியது. நூலகத்துக்கு நேர் எதிரில்தான் கழிப்பறை. போவதற்கு அம்பு இருந்தது. திரும்பி வரும் அம்பு புவியியல் துறையைச் சுற்றி, விளையாட்டு மைதானத்தைக் கடந்து, நிர்வாகக் கட்டடத்தில் மாடி ஏறி இறங்கி வந்தது. நூலகத்துக்கு வந்து சேரும்போது மறுபடியும் போக வேண்டியிருந்தது. தூசி இதைக் கூட்டத்தில் மெதுவாக எடுத்துச் சொன்னார். புதிய ஏற்பாட்டினால் பணியாளர்களின் உடல்நலம் மேம்பட்டிருப்பதாகக் குறிப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

மையக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் மேலாண்மைத் துறைப் பேராசிரியர். முழுமை என்பது அவருக்குப் பிடித்த சொல். ஒருநாள் கூட்டத்தில் எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“கை கழுவத் தொட்டி இருக்கு. வட்டம் இருக்கு, அம்பு இருக்கு. தனிமை அறை ரெடி. ஆனா முழுமை இல்ல. ஒண்ணு குறையுது” என்றார். “நோயாளி இல்ல.”

“அது நல்லதுதானே சார்?” என்று யாரோ கேட்டுவிட்டார்.

“உங்களுக்கு நல்லதா இருக்கலாம். வர்ற குழு என்ன பாக்கும்? நோயே இல்லாத இடத்துல எதைய்யா தடுத்தீங்கன்னு கேட்டா என்ன சொல்றது? மாப்பிள்ளை இல்லாம கல்யாண மண்டபத்தை மட்டும் சுத்திக் காட்டுவீங்களா?”

அந்த நேரம் பார்த்துத் தூசிக்கு இருமல் வந்தது. மற்ற நாட்களில் அவர் இருமினால் பக்கத்து நாற்காலிகள் நகரும். அன்று யாரும் நகரவில்லை. ஒருங்கிணைப்பாளரின் முகம் மலர்ந்தது.

“இன்னொரு தடவை இருமுங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்ல சார். இது தூசி இருமல். ரொம்ப வருஷமா இருக்கு.”

“அதான் வேணும். நிஜமா வந்தவரை வச்சு ஒத்திகை பாக்கறது ஆபத்து இல்லையா? இருமல் இருக்கணும், நோய் இருக்கக்கூடாது. உங்களை விட்டா யாரு?”

துணைவேந்தர் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் மற்றவர்களும் எழ வேண்டும் என்பது வழக்கம். எல்லோரும் இடித்துக்கொண்டு எழுந்தார்கள். “பல்கலைக்கழகத்துக்காக நோயாளி ஆகறது சாதாரண விஷயம் இல்ல” என்றார். “என் பதவிக்காலத்துல எனக்கே அந்த வாய்ப்பு வரல.”

தூசி பொதுவாக எதையும் கேட்கிற ஆள் இல்லை. அன்று கேட்டார். “சார், வீட்டுல அவளுக்கு நாள் நெருங்குது. நான் தினமும் இங்க வந்துட்டுப் போறது பயமா இருக்கு. இந்த ஒத்திகை முடிஞ்சதும், குழந்தை பிறக்கற வரைக்கும் என்னை வீட்டுலேர்ந்தே வேலை பாக்க விட்டீங்கன்னா போதும்.”

“இவ்வளவுதானே? குழு வந்துட்டுப் போற அன்னிக்குச் சாயங்காலமே நீங்க வீட்டுக்குப் போயிடலாம். குழந்தை பிறக்கற வரைக்கும் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க வேண்டாம்” என்றார் துணைவேந்தர்.

வீட்டில் இதைச் சொன்னதும் அந்த மூலை நாற்காலியிலிருந்து மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருக்கற நோயை வந்த மாதிரி நடிக்கணும். அப்பதான் வராம இருக்க லீவு தருவாங்க. அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“சரி, நல்லா நடிங்க. பாதியில சிரிச்சிடாதீங்க.”

ஒத்திகைகள் தொடங்கின. முதல் நாள் வாசலிலேயே சிக்கல். காவலாளி வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. “உடம்பு சுடலையே சார். பச்சை எரிஞ்சா உள்ள விடணும்னுதான் எனக்கு உத்தரவு” என்றார். நோயாளி நல்லபடியாக உள்ளே போய்விட்டால் ஒத்திகை எப்படி நடக்கும்? மறுநாள் வெந்நீர்ப் பையை நெற்றியில் வைத்துத் தொப்பியால் மூடிக்கொண்டு வரச் சொன்னார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். தூசியின் நெற்றியில் கொப்புளம் போட்டது.

வகுப்பறையில் மாணவர்கள் இல்லாதது அடுத்த குறை. ஜவுளிக்கடைகள் மூடிக் கிடந்ததால் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகள் சும்மாதான் இருந்தன. வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, முகக்கவசம் மாட்டி, இடம் விட்டு உட்கார வைத்தார்கள். உட்கார மறுத்தவற்றைச் சுவரோரமாக நிறுத்தினார்கள். இலக்கியத் துறைப் பேராசிரியர் ஒருவர் அவற்றுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டு வெளியே வந்து, இன்று யாருமே கொட்டாவி விடவில்லை என்று சொல்லிக் கண்கலங்கினார். துணைவேந்தர் கதவருகே நின்று பார்த்தார். “இவ்வளவு ஒழுக்கமான வகுப்பை நான் பார்த்ததே இல்ல. நிஜ மாணவர்கள் வந்த பிறகும் இவங்கள்ல கொஞ்சம் பேரை வச்சுக்க முடியுமான்னு பாருங்க” என்றார்.

இப்படி ஒவ்வொரு நாளும் தூசி வாசலில் சிவப்பு விளக்கு எரிய வைத்து, குறிப்பிட்ட வட்டத்தில் இருமி, மயங்கி விழுந்து, ஸ்ட்ரெச்சரில் தூக்கப்பட்டு, தனிமை அறை வரைக்கும் போய் வந்தார். அறைக்குள் விடமாட்டார்கள். கட்டிலில் விரித்த வெள்ளை விரிப்பு குழு வரும் நாளுக்காக வைத்திருந்தது, கசங்கிவிடும். ஸ்ட்ரெச்சரோடு கூடவே ஒருங்கிணைப்பாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தபடி ஓடிவந்து வர்ணனை கொடுத்தார். கடைசி இரண்டு ஒத்திகைகளில் அவரால் ஓட முடியவில்லை. சட்டை நனையும்படி வியர்த்தது. வர்ணனைக்கு நடுவே அடிவயிற்றிலிருந்து இருமினார். எல்லோரும் கவனித்தார்கள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

தூசிதான் தள்ளி நின்று கேட்டார். “சார், நீங்க ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கக்கூடாதா?”

“குழு வர்ற நேரத்துல எனக்கு வரலாமா?” என்றார் ஒருங்கிணைப்பாளர் எரிச்சலோடு. “நோயாளி நீங்க. ஒரு வேலைக்கு எதுக்கு ரெண்டு ஆளு?”

தூசி அன்று வீட்டுக்குப் போகவில்லை. நூலகக் கீழ்த்தளத்தில் படுத்துக்கொண்டார். சொந்தச் செலவில் ஒரு தனியார் கூடத்தில் டெஸ்ட் எடுத்து, எதுவும் இல்லை என்று வந்த பிறகுதான் மனைவிக்குப் போன் செய்தார். “இன்னும் ஒரே ஒரு நாள். நாளைக்குக் குழு வந்துட்டுப் போயிடும். சாயங்காலம் வந்துடறேன்” என்றார்.

குழு வந்தது. அதன் தலைவி ஓய்வு பெறப்போகும் வயதில் இருந்த ஓர் அதிகாரி அம்மையார். பல ஊர் பார்த்த அலுப்பு அவர் நடையில் தெரிந்தது. வட்டங்களைப் பார்த்தார், அம்புகளைப் பார்த்தார், பொம்மைகளைப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துணைவேந்தரின் முகம் இறங்கிக்கொண்டே வந்தது. அப்போது வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. தூசி இருமினார், விழுந்தார், தூக்கப்பட்டார், மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள்.

பரிசோதனை முடிவைப் பதிவு செய்வது கணினிப் பிரிவில் இருந்த ஒரு பெண்ணின் வேலை. தப்பில்லாமல் வேலை பார்ப்பவள் என்று பெயரெடுத்தவள். ஒத்திகைகளில் பெயர் என்ற இடத்தில் மாதிரி நோயாளி என்று போட்டுப் பார்த்தாள், கணினி ஏற்கவில்லை. சரி, அந்த நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தார்கள். இன்று முதுகுக்குப் பின்னால் குழுவே நின்றது. ஒருங்கிணைப்பாளர் அவள் காதருகே, “முழுமையா இருக்கணும்மா” என்று கிசுகிசுத்தார். அவள் பணியாளர் விவரத்திலிருந்து தூசியின் உண்மையான பெயரையும் வீட்டு முகவரியையும் எடுத்துப் போட்டு, தொற்று உண்டு என்று அழுத்திவிட்டாள். கணினி உடனே ஏற்றுக்கொண்டது. அந்தக் கணினி நகரச் சுகாதார அலுவலகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. இணைத்தவர்களும் இவர்கள்தான். இணைப்பு விழாவில் துணைவேந்தர் பொத்தானை அழுத்தும் படம் வரவேற்பறையில் பெரிதாகத் தொங்குகிறது. ஆனால் இணைத்தால் செய்தி போகும் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை.

திரையில் முடிவு வந்ததும் தலைவி அம்மையார் முதல் முறையாக நிமிர்ந்தார். “இதுவரைக்கும் போன எல்லா இடத்துலயும் ஒத்திகைன்னு சொல்லி நாடகம் போட்டுக் காட்டினாங்க. பார்த்துப் பார்த்து வெறுத்துப் போச்சு” என்றார். “நீங்கதான் நிஜமான நோயாளியை வாசல்லயே பிடிச்சு, எங்க கண் முன்னாடியே தனிமைப்படுத்தினீங்க.”

“மேடம், அது வந்து...” என்று ஆரம்பித்தார் ஒருங்கிணைப்பாளர்.

துணைவேந்தர் அவர் காலை மிதித்தார். “அது வந்து எங்க வழக்கம் மேடம்.”

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த தூசி எழுந்து உட்கார்ந்துவிட்டார். “மேடம், எனக்கு நோய் இல்ல. நான் நூலகத்துல வேலை பாக்கறேன். இது ஒத்திகைதான். நெத்தியில வெந்நீர்ப் பை வச்சிருக்கேன், வேணும்னா பாருங்க.”

அம்மையார் பரிவோடு அவரைப் பார்த்தார். “எல்லாரும் முதல்ல இல்லைன்னுதான் சொல்வாங்க. பிதற்றல் வேற இருக்கு போல. கவனமாப் பாத்துக்கங்க” என்றார். தூசியைத் தனிமை அறைக்குள் விட்டு, வெள்ளை விரிப்பின் மேல் படுக்க வைத்து, வெளியே பூட்டினார்கள்.

சாயங்காலம் திறந்துவிடுவார்கள் என்று தூசி காத்திருந்தார். அதற்குள் போன் அடித்தது.

“என்னங்க, வாசல்ல தகரம் வச்சு அடிக்கறாங்க” என்றாள் மனைவி. பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. “உங்களுக்கு வந்துடுச்சாம். நானும் அக்காவும் வெளிய வரக்கூடாதாம். அது ஒத்திகைங்க, சும்மா நடிச்சாருன்னு சொல்றேன், சிரிக்கறாங்க.”

தூசி கதவைத் தட்டினார். விடாமல் தட்டியதில் துணைவேந்தரே வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். பக்கத்தில் ஒருங்கிணைப்பாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நிதானமாக் கேளுங்க” என்றார் துணைவேந்தர். “இப்ப நீங்க நோயாளி இல்லைன்னு சொன்னா, வந்த குழுகிட்ட நான் பொய் சொன்னேன்னு ஆகும். நான் பொய் சொல்றவன் இல்ல. அதனால நீங்க நோயாளிதான்.”

“இன்னொரு டெஸ்ட் எடுங்க சார். இல்லைன்னு வந்துடும். அதை அனுப்பினா வீட்டைத் திறந்துடுவாங்க.”

“அதையும் யோசிச்சோம். ராத்திரிக்குள்ள இல்லைன்னு வந்தா நம்ம பரிசோதனைக் கூடம் சரியில்லைன்னு ஆகும். உண்டுன்னு வந்தா நம்ம சிகிச்சை சரியில்லைன்னு ஆகும். டெஸ்ட் எடுக்காம இருக்கறதுதான் பல்கலைக்கழகத்துக்கு நல்லது. ரெண்டு வாரம். விதிப்படி உங்களைக் குணப்படுத்தி அனுப்பறது என் பொறுப்பு.”

“அவளுக்கு ரெண்டு வாரம் தாங்காது சார்.”

“நீங்க பதற்றப்படக்கூடாது. நோயாளிக்குப் பதற்றம் ஆகாது” என்று சொல்லிவிட்டு அவர் அம்புக்குறி காட்டிய வழியில் போய்விட்டார்.

ஒருங்கிணைப்பாளர் போகவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். கண்ணாடி வழியாகக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்று நல்ல காய்ச்சல். தனிமை அறையில் இருந்தது ஒரே கட்டில். நோயாளி ஒருவர்தான் என்று அறிக்கையும் போய்விட்டது. “கொடுத்து வச்சவருங்க நீங்க. படுத்துக்கிட்டு இருக்கீங்க” என்றார். காய்ச்சல்காரர் வெளியே தரையிலும், நோயில்லாதவர் உள்ளே கட்டிலிலும் இருந்தது அந்த இரண்டு பேருக்கும் தெரியும். அதைச் சரி செய்ய வேண்டிய குழுவின் ஒருங்கிணைப்பாளர் தரையில் இருந்தவர்தான். இரண்டு நாள் கழித்து அவர் கல்விப் பயணம் போயிருப்பதாக அறிவித்தார்கள். உண்மையில் அவருடைய மாமனார் வீட்டு முகவரியைக் கொடுத்து நகரத்துத் தொற்று மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். வளாகத்தின் கணக்கில் வரக்கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டாராம்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம் தூசியின் மனைவிக்கு வலி வந்தது. நாள் இன்னும் இருந்தது, ஆனாலும் வந்துவிட்டது. தகரத்தைப் பிரித்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியின் வாசலில் கணினியைத் தட்டிப் பார்த்தார்கள். தொற்று வீடு என்று வந்தது. டாக்டர் அம்மா வெளியே ஓடிவந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்து, “நான் என்னம்மா பண்ணுவேன், உள்ள இருபது பேரு பெத்துப் போட்டுட்டுப் படுத்திருக்காங்க” என்றார். உண்மையில் அவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. வண்டி தொற்று மருத்துவமனைக்குத் திரும்பியது.

இதெல்லாம் மனைவியின் அக்கா போனில் சொல்லச் சொல்லத் தூசி கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே உள்ளங்கை வீங்கும்வரை கதவை அடித்தார்.

“சாவி என்கிட்டதான் சார் இருக்கு” என்றார் வெளியே நின்ற காவலாளி. “திறந்தா என் வேலை போயிடும். அதுகூடப் பரவால்ல. இங்கேர்ந்து போனாலும் அந்த ஆஸ்பத்திரியில உங்களை உள்ள விடமாட்டாங்களே. எத்தனை புருஷமாருங்க வாசல்லயே கிடக்கறாங்க தெரியுமா?”

பெண் குழந்தை பிறந்தது. நலமாகத்தான் பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று அக்காவின் கையில் கொடுத்து அனுப்பினார்கள். தாய்க்கும் இல்லை. ஆனால் தையல் போட்டிருந்தது, ரத்தம் நிறையப் போயிருந்தது, சில நாள் படுத்திருக்க வேண்டும். படுக்க அங்கே இருந்தது ஒரே ஒரு வார்டுதான். இரண்டு பக்கமும் இருமிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே நோயில்லாத ஒருத்தியைப் படுக்க வைத்தார்கள். தூசி போனில் யார் யாரையோ பிடித்துப் பேசினார். உங்கள் வீட்டில்தானே முதல் நோயாளி என்று எல்லோரும் அவரையே திருப்பிக் கேட்டார்கள்.

பல்கலைக்கழகம் தினமும் காலையில் அறிக்கை வெளியிட்டது. வளாகத்தில் நோயாளிகள் ஒருவர், நிலை சீராக உள்ளது, நல்ல பசி. அந்தப் பசி மட்டும் பொய். அவர் சாப்பிட்டு நாளாகியிருந்தது.

ஒரு காலையில் அக்கா போன் செய்தாள். “அவளுக்கு இப்ப நிஜமாவே வந்துடுச்சு தம்பி. மூச்சு விடக் கஷ்டப்படறா. குழாய் வச்சிருக்காங்க” என்றாள்.

இரண்டு வாரம் முடிந்து அவரைக் குணப்படுத்தும் விழா ஏற்பாடானது. வளாகத்தைத் திறக்க அனுமதியும் அன்றுதான் வந்து சேர்ந்தது. கூட்டம் சேரக்கூடாது என்பதால் முன்வரிசைகளில் பொம்மைகளை உட்கார வைத்திருந்தார்கள். தூசியின் கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்து மேடையில் நிறுத்தினார்கள். துணைவேந்தர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“இன்று நமது வளாகத்தில் நோயாளிகளின் எண்ணிக்கை பூஜ்ஜியம். இரண்டு வாரத்துக்கு முன்பும் பூஜ்ஜியமாகத்தானே இருந்தது என்று பொறாமைக்காரர்கள் கேட்கலாம். அந்தப் பூஜ்ஜியம் சும்மா கிடைத்தது. இந்தப் பூஜ்ஜியம் நாம் உழைத்துப் பெற்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் குணமான நோயாளி ஒருவராவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.” பதிவாளர் கை தட்டினார். “நமது நோயாளி என்னிடம் ஒரு கோரிக்கை வைத்திருந்தார். குழந்தை பிறக்கும்வரை வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டார். நானும் சம்மதித்தேன். கொடுத்த வாக்கை நிர்வாகம் மறக்கவில்லை. குழந்தை பிறந்துவிட்டது என்ற நல்ல செய்தி வந்திருப்பதால், அவர் நாளை காலை முதல் பணிக்கு வரலாம் என்பதை மகிழ்ச்சியோடு...”

தூசி மேடையிலிருந்து இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தார். அம்புக்கு எதிர்த்திசையில் நடந்ததால் சீக்கிரம் வெளியே வந்துவிட்டார்.

தொற்று மருத்துவமனையின் வாசலில் ஒரு மரம் இருந்தது. அதன் கீழே ஆண்கள் பைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி சொன்னது சரிதான். சற்றுத் தள்ளி நின்ற அக்கா துணிச் சுருளைத் தூக்கிக் காட்டினாள். “முதல்ல இவளைப் பாருங்க தம்பி” என்றாள். சின்னஞ்சிறு முகம், மூடிய கண், நெற்றியில் மனைவியின் சாயல். தூசி பத்தடி தள்ளி நின்று பார்த்தார். கிட்டே போய் வாங்கிக்கொள்ளக் கை பரபரத்தது. போகவில்லை. பூங்கொத்தை அங்கேயே கீழே வைத்துவிட்டு உள்ளே போனார்.

வரவேற்பு மேசையில் இருந்த நர்ஸ் நிமிராமலே, “உள்ள விடறதில்லைங்க. போன்ல பேசிக்கங்க” என்றாள். பெயரைக் கேட்டுக் கணினியில் தட்டினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்கு வந்து குணமாயிடுச்சா? அப்ப நீங்க போகலாம். வந்து போனவங்களை மட்டும்தான் கூட இருக்க விடறோம். திரும்ப வராதுல்ல. கவச உடை கேக்காதீங்க, எங்களுக்கே பத்தல. உங்களுக்கு அது தேவையும் இல்ல.”

தூசி வாயைத் திறந்தார். இரண்டு வாரமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. அதை இப்போது சொன்னால் உலகத்திலேயே முதல் முறையாக ஒருத்தி நம்புவாள், நம்பி அவரை மரத்தடிக்கு அனுப்புவாள். வெளியே துணிச் சுருளுக்குள் இருப்பவள் நினைவுக்கு வந்தாள். அவருக்குப் பயமாக இருந்தது.

“சொல்லுங்க, வந்து போயிடுச்சுல்ல?” என்றாள் நர்ஸ். “அவங்க ரெண்டு நாளா ஒரு வாய் சாப்பிடல. யாராவது பக்கத்துல இருந்தா நல்லது.”

“ஆமா சிஸ்டர்” என்றார் தூசி. “வந்து போயிடுச்சு.”

வார்டின் கோடியில் மனைவி படுத்திருந்தாள். மூக்கையும் வாயையும் மூடிய குழாய்க் கவசம். கன்னம் ஒட்டியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தவள் அவரைப் பார்த்தாள். கையை உயர்த்தி அங்கேயே நிற்கச் சொன்னாள். அவர் நிற்காமல் வருவதைப் பார்த்ததும் கவசத்தை விலக்கினாள்.

“ஏங்க உள்ள வந்தீங்க? போங்க. உங்களுக்குத்தான் ஒண்ணுமே இல்லையே.”

காவலாளியிடமும், துணைவேந்தரிடமும், போனில் அகப்பட்ட எல்லோரிடமும் இந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் பிச்சையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தூசி ஸ்டூலை இழுத்து அவள் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தார். கவசத்தை எடுத்து அவள் முகத்தில் சரியாகப் பொருத்தினார்.

“மெதுவாப் பேசு” என்றார். “அவங்க காதுல விழுந்தா என்னை வெளிய அனுப்பிடுவாங்க.”